முப்பது அடி

என் வாய் சும்மா இருக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் பின்னால் வருகிற அத்தனையும் இந்த வாயால் வந்ததுதான். எங்கள் சபையில் சாட்சி சொல்ல யாராவது இருக்கிறீர்களா என்று போதகர் கேட்டு முடிப்பதற்குள் நான் எழுந்து நின்றிருப்பேன். பக்கத்துப் பெஞ்சிலிருந்து என் மனைவி கண்ணாலேயே உட்காரச் சொல்வாள். உட்கார மாட்டேன். எனக்குச் சந்தோஷம் வந்தால் அதை நாலு பேரிடம் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது.

நான் நிலம் அளக்கிறவன். சர்க்கார் வேலை இல்லை. சிதம்பரத்தில் ஒரு சின்ன அலுவலகம். மனை பிரிக்கிறவர்களும், அண்ணன் தம்பி பாகம் பிரிக்கிறவர்களும் கூப்பிட்டால் போய் அளந்து, வரைபடம் போட்டுக் கொடுப்போம். வீடு கடலூர் முதுநகரில். காலை ரயிலில் போய் மாலை ரயிலில் திரும்புவேன். வெளி வேலைக்குப் போகிற ஆட்கள் இரண்டே பேர். மூன்று கால் கருவிக்குப் பின்னால் நான். கண்ணாடி வைத்த கம்பைப் பிடித்துக்கொண்டு வயலின் அந்தக் கோடியில் அவன்.

அவனுக்குக் குறிஞ்சிப்பாடி. கரும்பும் மணிலாக் கடலையும் போடுகிற குடும்பம், கொஞ்சம் முந்திரித் தோப்பும் உண்டு. தினமும் பைக்கில் வருவான். எனக்கும் அவனுக்கும் ஒரே வயது, சேர்ந்த முதல் வாரத்திலேயே மச்சான் என்று ஆகிவிட்டோம். அவர்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக வடலூர் வழி. ஜோதியைத்தான் கும்பிடுவார்கள், பசி என்று வந்தவனைச் சோறு போடாமல் அனுப்ப மாட்டார்கள், உயிரைக் கொன்று தின்ன மாட்டார்கள். பிறந்ததிலிருந்து அவன் வாயில் மீன் பட்டதில்லை, கறி பட்டதில்லை, முட்டை பட்டதில்லை.

நானோ முதுநகர்க்காரன். துறைமுகத்துக் காற்றிலேயே பாதி வயிறு நிறைகிற ஊர். மத்தி, சங்கரா, நெத்திலி, வஞ்சிரம் என்று கிழமைக்கு ஒன்றாக எங்கள் அடுப்பில் ஏறும். ஒன்றும் கிடைக்காத நாளில் கருவாடு.

நாங்கள் சேர்ந்து வேலைக்குப் போன முதல் நாள், புவனகிரிப் பக்கம் ஒரு வயலில் மத்தியானம் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தேன். மனைவி வறுத்துக் கொடுத்த வஞ்சிரம், இரண்டு துண்டு. அவன் மெதுவாக எழுந்தான். தன் டப்பாவையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு வரப்போடு நடந்து, தூரத்தில் வெயிலில் போய் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டான். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. என்னை யார் என்று நினைத்து இப்படி ஒதுங்குகிறான் என்று தோன்றிவிட்டது.

"என்னா மச்சான், நான் என்னா தீண்டத்தகாதவனா?" என்று கேட்டே விட்டேன்.

அவன் பதறிவிட்டான். "ஐயோ, தப்பா நெனச்சிக்காத மச்சான். ஒன்ன சொல்லல. அந்த வாசன எனக்கு ஆவறது இல்ல, கொமட்டிக்கிட்டு வரும். நீ நல்லா சாப்புடு."

அவன் முகத்தைப் பார்த்தால் உண்மை என்று தெரிந்தது. கோபம் போய்விட்டது. ஆனாலும் அளக்கிறவன் புத்தி போகுமா? அவன் கை கழுவப் போன நேரத்தில் டேப்பை எடுத்து, நான் இருந்த இடத்துக்கும் அவன் இருந்த இடத்துக்கும் அளந்து பார்த்தேன். முப்பது அடி. மறுநாள் கிள்ளையில் அளந்தேன். அங்கேயும் முப்பது அடி, இரண்டு விரல் கூட. அவன் மூக்கே ஒரு கருவி.

அந்த முப்பது அடி எனக்கு ஏன் அவ்வளவு உறுத்தியது என்று சொல்ல வேண்டும். எனக்கு இருக்கிற ஒரே பெரிய சொத்து என் விசுவாசம். நான் ஒரு காலத்தில் எப்படி இருந்தேன், எந்த இடத்திலிருந்து ஆண்டவர் என்னைத் தூக்கி எடுத்தார் என்பது எனக்குத் தெரியும். நல்ல டாக்டரைக் கண்டுபிடித்தாலே ஊர் முழுக்கச் சொல்கிற ஆள் நான். இதைப் போய் நாள் முழுக்கக் கூடவே இருக்கிற மச்சானிடம் சொல்லாமல் எப்படி இருப்பேன்?

சொல்லிப் பார்த்தேன். ஒருநாள் கைப்பிரதி ஒன்றை அவன் சட்டைப் பையில் வைத்தேன். ஒரு வாரம் பொறுத்து, "படிச்சியா மச்சான்?" என்று கேட்டேன். அவன் மனைவி அதைச் சட்டையோடு சேர்த்து வாஷிங் மெஷினில் போட்டுவிட்டாளாம். வீட்டிலுள்ள அத்தனை துணியிலும் காகிதத் துணுக்கு ஒட்டிக்கொண்டு, அந்த வாரம் முழுக்க அவனுக்குத்தான் திட்டு. பைக்கில் பின்னால் உட்கார்ந்து பேசிப் பார்த்தேன். ஹெல்மெட்டுக்குள் ஒன்றும் போகாது. வேலை நேரத்தில் அவன் இருப்பது வயலின் அந்தக் கோடியில். மிச்சம் இருப்பது சாப்பாட்டு நேரம்தான், அதில் முப்பது அடி. ஒருநாள் பொறுக்க முடியாமல் இந்தப் பக்கத்திலிருந்தே சத்தமாக ஆரம்பித்துவிட்டேன். பக்கத்து வயல்காரர் மண்வெட்டியோடு ஓடி வந்து, வரப்புத் தகராறா என்று விசாரித்தார். அதோடு விட்டேன்.

பிறகு லெந்து என்கிற தவக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. போதகர் பிரசங்கத்தில் பழைய அப்போஸ்தலர் ஒருவரைப் பற்றிச் சொன்னார். எதை வேண்டுமானாலும் சாப்பிட அவருக்கு உரிமை இருந்ததாம். ஆனால் தன் சாப்பாடு இன்னொருவனுக்குத் தடையாக இருக்கும் என்றால் அந்த உரிமையே வேண்டாம் என்று எடுத்து வைத்துவிட்டாராம். எனக்குப் பெஞ்சில் இருப்பு கொள்ளவில்லை. எத்தனை வருஷமாக இதே பகுதியைக் கேட்டிருக்கிறேன். யாரோ யாருக்கோ எழுதியது என்றுதான் இருந்தேன். அன்றைக்கு அது குறிஞ்சிப்பாடி விலாசம் போட்டு என் கையில் வந்தது.

கோயில் விட்டு வரும்போதே மனைவியிடம் சொல்லிவிட்டேன். அவள் கையில் பை, பைக்குள் அப்போதுதான் வாங்கிய சங்கரா.

"மீன விடப் போறேன்."

அவள் நின்றுவிட்டாள். "எதுக்கு? ஒடம்புக்கு என்னாவது?"

விளக்கினேன். நடுத்தெருவில் நின்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினேன். அவள் கடைசி வரை கேட்டுவிட்டு, "ஆண்டவரே கரையில ஒக்காந்து மீனச் சுட்டு சாப்புட்டவருதானங்க," என்றாள்.

"அவருக்கு உரிமை இருந்திச்சி. எனக்கும் இருக்குது. அத வேணாம்னு வைக்கறதுதான் விஷயமே."

"அப்ப நீங்க வைங்க. நான் வைக்கல," என்று பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய்விட்டாள்.

உண்மையைச் சொன்னால், மத்தியானச் சாப்பாட்டில் மட்டும் விடுவது என்றுதான் என் திட்டம். ராத்திரிச் சோற்றில் யார் வந்து பார்க்கப் போகிறார்கள்? ஆனால் திங்கட்கிழமை நான் சாம்பார் சாதத்தைத் திறந்ததும், பழக்கத்தில் எழுந்து நாலு எட்டு வைத்த அவன் நின்று திரும்பினான்.

"என்னா மச்சான், இன்னைக்கி மீனு இல்லியா?"

"வுட்டுட்டேன்."

"வீட்டுலயுமா?"

இந்த இடத்தில்தான் என் வாய். "வீட்டுலயும்தான்," என்றேன்.

"ஏன்?"

"புடிக்கல."

முதுநகர்க்காரன் மீன் பிடிக்கவில்லை என்கிறான். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். ஆனால் திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். தன் டப்பாவிலிருந்து மாங்காய்த் தொக்கை எடுத்து என் மூடியில் வைத்தான். எனக்கு அப்போது வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? முப்பது அடி ஒரே நாளில் போய்விட்டது. அன்றைக்கு மாலை ரயிலில் ஆலப்பாக்கம் வரைக்கும் எனக்குள்ளே பாட்டுத்தான்.

ஆனால் வீட்டிலும் விட்டேன் என்று வாய்விட்ட பிறகு, அதை உண்மையாக்கியாக வேண்டுமே. பொய் சொல்லிவிட்டு சுவிசேஷம் சொல்ல முடியாது. இரண்டு வருஷம் உண்மையாக்கினேன். அந்த இரண்டு வருஷத்தை லேசாகச் சொல்லிவிட முடியாது. என் மனைவி சொன்ன சொல் தவறாதவள், அவள் விடவில்லை. நண்டுக் குழம்பு வைத்து, எதிரில் உட்கார்ந்து, ஓட்டைக் கடித்து உறிஞ்சுவாள். நான் ரசத்தைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவேன். ரயிலில் பரங்கிப்பேட்டையில் மீன் கூடை ஏறும்போது நான் அடுத்த பெட்டிக்கு மாறிக்கொள்வேன். சபை விருந்தில் பிரியாணிப் பந்தியை விட்டுத் தயிர்ச்சாதம் இருக்கிற மூலைக்குப் போனால், சர்க்கரை வந்துவிட்டதா, கொழுப்பு ஏறிவிட்டதா என்று துக்கம் விசாரிப்பார்கள். கஷ்டமாக இருந்தது என்று சொல்லிக்கொள்கிறேனே, உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

வேடிக்கை என்னவென்றால், பக்கத்தில் உட்கார்ந்த பிறகு நான் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. பேச எவ்வளவோ இருந்தது. புயலில் சாய்ந்த அவன் முந்திரி மரங்கள், என் மகளின் கல்லூரி, அவன் மனைவியின் முதுகு வலி, முதலாளியின் கஞ்சத்தனம். கேட்காதவனிடம் சொல்வதைவிட அவனாகக் கேட்கட்டும் என்று முதல் முறையாக என் வாய் பொறுமை காட்டியது. இரண்டு வருஷம் கழித்து அவன் கேட்டான்.

கிறிஸ்மஸ் முடிந்த மறுநாள். காலையில் மனைவி ஒரு பையைக் கொடுத்தாள். அதில் ஒரு தூக்குச் சட்டி, ஒரு அட்டைப் பெட்டி. "சட்டியில இருக்கறது அவருக்கு. பெட்டியில இருக்கறது ஆபீசுக்கு," என்றாள். நான் செருப்பைத் தேடிக்கொண்டு, ரயில் நேரத்தை நினைத்துக்கொண்டு, சரி சரி என்றேன். அலுவலகத்தில் யாரும் இல்லை. முதலாளி நேரே கிள்ளைக்குப் போகச் சொல்லிவிட்டார். பையோடு போய்விட்டோம்.

மத்தியானம் சாப்பிட்டு முடித்து, ஒரு புன்னை மர நிழலில் சாய்ந்திருந்தோம். அவன் பல் குத்திக்கொண்டே, சாதாரணமாகக் கேட்டான்.

"ஏன் மச்சான், நேத்து ஒங்க பண்டிக எதுக்கு? சாமின்னா மாளிகையில பொறக்கக்கூடாதா? ஒங்க கோயிலாண்ட மாட்டுக் கொட்டாய்தான் கட்டி வச்சிருந்தாங்க, வர்ற வழியில பாத்தேன்."

நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். இரண்டு வருஷம். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் ஆரம்பித்தேன். ராஜா ஊர் ஊராகக் குடிக்கணக்கு எழுதச் சொன்னதை, அவரவர் சொந்த ஊருக்குப் போய்ப் பேர் பதிய வேண்டியிருந்ததை, நிறைமாதக்காரியைக் கூட்டிக்கொண்டு ஒரு தச்சன் நடந்ததைச் சொன்னேன். அவன் பல் குத்துவதை நிறுத்திவிட்டான்.

"நெற மாசத்துல நடக்கவா வச்சாங்க? பாவிங்க."

"ஊருக்குப் போனா தங்க எடம் இல்ல. ஒரு கதவு தொறக்கல. கடைசியா மாட்டுக் கொட்டாய்தான் கெடச்சிது. மச்சான், வானத்தயும் பூமியயும் உண்டாக்குனவரு, தனக்கு இருந்தது எல்லாத்தயும் வுட்டுட்டு, அந்த சாணி வாசனைக்குள்ள வந்து பொறந்தாரு."

 அவன் கேட்டுக்கொண்டிருந்தான், அதைக் கண்ணில் பார்த்தேன். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. பண்டிகைக் கதை சொல்லிக்கொண்டு வெறும் வாயோடு உட்கார்ந்திருக்கிறோமே என்று பைக்குள் கையை விட்டேன். முதலில் கைக்கு வந்தது அட்டைப் பெட்டி. திறந்து, ஒரு துண்டு பிட்டு, என் கையாலேயே அவன் வாயில் ஊட்டினேன்.

"நல்லா இருக்கே. என்னா போட்டிருக்கு?"

"ஒங்க ஊரு முந்திரிதான் மச்சான். திராட்சையும்."

அவனே இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டான். அதற்குள் முதலாளியின் போன். மழை வருகிறதாம், கருவியை நனைக்காமல் கட்டிக்கொண்டு கிளம்பச் சொன்னார். கதை மாட்டுக் கொட்டகையோடு நின்றது.

அன்று சாயங்காலம் நான் வீட்டுக்கு நடந்து போனேனா, மிதந்து போனேனா, தெரியாது. வாசலிலேயே ஆரம்பித்துவிட்டேன். கேட்டான், கேட்டான், அவனாகக் கேட்டான். மனைவிக்கும் முகம் மலர்ந்தது. "அதிரசம் புடிச்சிதா அவருக்கு?" என்று கேட்டுக்கொண்டே பையிலிருந்து தூக்குச் சட்டியை எடுத்தாள். கனமாக இருந்தது. திறந்து பார்த்தாள். ஒரு அதிரசம்கூடக் குறையவில்லை.

"அப்ப என்னா குடுத்தீங்க?"

"கேக்குதான். ரெண்டு துண்டு சாப்புட்டான்."

அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "அதுல ஆறு முட்ட போட்டிருக்கேன்."

எப்படி எனக்குத் தோன்றாமல் போனது என்று கேட்பீர்கள். எங்கள் வீடுகளில் பண்டிகைக்குப் பலகாரத் தட்டு என்று ஒன்று உண்டு. முறுக்கு, அதிரசம், அச்சு முறுக்கு, ஒரு துண்டு கேக். கிறிஸ்மஸ் அன்று காலையில் தெரு முழுக்க, எல்லா மதத்து வீட்டுக்கும் அந்தத் தட்டு போகும். கறியும் மீனும் சாப்பாட்டில் வருவது. பலகாரத் தட்டில் அசைவம் வரும் என்று எங்களுக்கு எண்ணமே ஓடாது. மீனையே விட்டவன் கையால் வருவது என்று அவனும் சந்தேகப்படவில்லை. இரண்டு வருஷம் மீன் செதில்கூடப் படாமல் பார்த்துக்கொண்டவன், என் கையாலேயே முட்டையை அவன் வாயில் ஊட்டிவிட்டேன். அதுவும் ஆண்டவர் பிறந்த கதையைச் சொல்லிக்கொண்டே.

மறுநாள் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் இதையும் எழுதத்தான் வேண்டும். இப்போதுதான் கதவு திறந்திருக்கிறது, நானே அதைச் சாத்த வேண்டுமா என்று யோசித்தேன். தெரிந்து தின்றால்தானே குற்றம் என்று யோசித்தேன். சுவிசேஷத்துக்காக மீனை விட்ட ஆள், அதே சுவிசேஷத்துக்காக உண்மையையும் விட்டுவிடலாம் என்று நியாயம் பேசிக்கொண்டிருந்தேன். அவன் இரண்டு தடவை, "அந்தக் கதய முடிக்கலியே மச்சான்," என்றான். நான் வேலை இருக்கிறது என்று எழுந்துவிட்டேன். என் வாய் அடைத்துப் போனது அப்போதுதான்.

தை பிறந்தது. பூசம் நெருங்கியது. ஒருநாள் அவன் வந்ததே துள்ளலாக வந்தான்.

"மச்சான், இந்த வருஷம் பூசத்துக்கு நாலு நாள் லீவு போட்டுட்டேன். ரெண்டு நாள் அன்னதானத்துக்கு காய் நறுக்கற வேல, அப்புறம் பூசத்தன்னைக்கி வெடியக்காலம் உள்ள போயி ஜோதி பாக்கணும். போன தடவ கூட்டத்துல முடியல. இந்தத் தடவ விடப்போறது இல்ல."

வடலூரில் ஒரு விதி உண்டு. உயிர்க்கொலையும் புலாலும் விட்டவர்கள்தான் உள்ளே போக வேண்டும். யாரும் வாசலில் நின்று சோதிக்க மாட்டார்கள். அவரவர் மனசாட்சிதான் காவல். என் மச்சான் அந்த வாசலில் தலை நிமிர்ந்து போவான், வாழ்நாளில் தொட்டதில்லை என்ற நிம்மதியோடு போவான். அது பொய் என்று தெரிந்த ஆள் இந்த உலகத்தில் நானும் என் மனைவியும் மட்டும்.

அன்றைக்கு ராத்திரி இதைச் சொன்னபோது அவள் ஒரே வார்த்தைதான் சொன்னாள். "நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

மறுநாள் சேத்தியாத்தோப்புப் பக்கம் வேலை. சாப்பாட்டு டப்பாவைத் திறப்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன். கேக்கில் முட்டை இருந்ததைச் சொன்னேன். எனக்குத் தோன்றவே இல்லை என்பதைச் சொன்னேன். தெரிந்த பிறகும் இத்தனை நாள் மறைத்ததைச் சொன்னேன். ஆரம்பித்த வாய் நிற்கவில்லை, மீனை ஏன் விட்டேன் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன்.

முட்டை என்றதும் அவன் கை தொண்டைக்குப் போனது.  பிறகு கேட்டது முட்டையைப் பற்றி இல்லை.

"அப்ப ரெண்டு வருஷமா நீ பக்கத்துல ஒக்காந்தது இதுக்குத்தானா? என்ன ஒங்க கோயிலுக்கு இழுக்கவா?"

இல்லை என்று சொல்ல வாய் துடித்தது. "ஆரம்பிச்சது அதுக்குத்தான்," என்றேன். "அப்புறம் நீ எனக்கு..."

"என்னயும் மீனுன்னு நெனச்சிட்ட. தூண்டில்ல சாம்பார் சாதத்த மாட்டிக்கிட்டு ஒக்காந்திருக்க."

அவன் சத்தம் போட்டிருந்தால் தேவலை. டப்பாவை எடுத்துக்கொண்டு எழுந்து நடந்தான். நான் அளக்கவில்லை. அளக்கத் தேவையில்லாத அளவுக்குத் தூரம் போனான்.

அவன் லீவுக்கு மிச்சமிருந்த மூன்று நாளும் வேலை நடந்தது. அவன் கம்பைப் பிடித்தான், நான் கருவியில் பார்த்தேன். எண்களைத் தவிர எங்களுக்குள் வேறு பேச்சு இல்லை. பிறகு அவன் லீவில் போனான். பூசத்தன்று நான் காலை ரயிலில் சிதம்பரம் போய்க்கொண்டிருந்தேன். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, இந்நேரம் என்ன செய்கிறானோ என்று அழுதுகொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்தவர் கண்ணில் தூசியா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

லீவு முடிந்து வந்தான். அன்றைக்கும் சேத்தியாத்தோப்பில்தான் வேலை பாக்கி. மத்தியானம் மரத்தடியை அவனுக்கு விட்டுவிட்டு, நானே என் தயிர்ச்சாதத்தை எடுத்துக்கொண்டு தூரமாகப் போய் வெயிலில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் என் மேல் நிழல் விழுந்தது.

"உள்ள போவல," என்றான். நின்றுகொண்டே சொன்னான். "வீட்டுல எல்லாரும் போனாங்க. நான் வெளியவே நின்னு சாப்பாட்டுப் பந்தியில எல போட்டுக்கிட்டு இருந்தேன். ஒவ்வொரு எலைக்கும் ஒன்னத் திட்டுனேன்."

நான் மன்னிப்பு என்று ஏதோ ஆரம்பித்தேன். அவன் கையைக் காட்டி நிறுத்தினான்.

"இரு. நாந்தான் பேசறேன். திட்டித் திட்டி ஒரு கட்டத்துல திட்டறதுக்கு ஒன்னும் இல்லாம போயிடிச்சி. அப்பத்தான் தோனிச்சி. நீ சொல்லாம வுட்டிருந்தா எனக்குத் தெரியவே போறது இல்ல. சொன்னா நான் எழுந்து போயிடுவேன்னு ஒனக்குத் தெரியும். ரெண்டு வருஷம் ஒக்காந்தது வீணாப் போயிடும்னும் தெரியும். தெரிஞ்சிதான சொன்ன? தூண்டில் போடறவன் அப்படி செய்ய மாட்டான்."

என் டப்பாவை மூடிக் கீழே வைத்தேன்.

"ஆனா ஒன்னு," என்றான். "இனிமே எனக்காவ நீ ஒன்னத்தயும் வுடக்கூடாது. நீ வுட்டுட்டுப் பேசுனா, நான் கடன்பட்டவனாட்டம் கேக்கணும். நாளைக்கி மீனு கொண்டா. என் பக்கத்துலயே ஒக்காந்து தின்னு. அப்ப கேக்கறேன், ஒங்க கதய."

"ஒனக்குத்தான் ஆவாதே மச்சான்."

"அது என் பாடு."

வீட்டில் சொன்னபோது என் மனைவி என்னை நம்பவில்லை. இரண்டு தடவை திருப்பிச் சொல்ல வைத்தாள். மறுநாள் விடிந்தும் விடியாமலும் மார்க்கெட்டுக்குப் போனாள். இரண்டு வருஷத்துக்குச் சேர்த்து மசாலா அரைத்தாள். சங்கரா, முழுசாக, மொறுமொறுவென்று வறுத்து, வாழை இலையில் சுற்றி டப்பாவில் வைத்தாள். ரயிலில் அந்த வாசனை மடியிலிருந்து ஏறி ஏறி வந்தது. நானோ பரீட்சைக்குப் போகிறவனாட்டம் உள்ளங்கை வேர்த்துப்போய் உட்கார்ந்திருந்தேன்.

மத்தியானம். அதே மரம். அவன் வந்து என் வலது பக்கத்தில், முழங்கை இடிக்கிற தூரத்தில் உட்கார்ந்தான். தன் புளிச்சாதத்தைத் திறந்து வைத்துக்கொண்டான். தொற என்று தலையை ஆட்டினான். திறந்தேன்.

வாசனை ஒரே வீச்சாக எழுந்தது. அவன் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. வாயால் மூச்சு விட்டான், எச்சிலை ஒரு தடவை விழுங்கினான். கை பக்கத்தில் இருந்த புல்லை இறுக்கிப் பிடித்தது. ஆனால் ஆள் நகரவில்லை. நான் ஒரு துண்டைப் பிட்டு வாயில் வைத்தேன். இரண்டு வருஷமாகக் கனவில் தின்ற மீன். எனக்கு அது இறங்கவில்லை. எனக்காக ஒருவன் இத்தனை பாடு படுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே மெல்ல எனக்குத் தெரியவில்லை. மீனை விட்ட இரண்டு வருஷமும் நான்தான் அவனுக்கு ஏதோ கொடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூடியை எடுத்தேன். அவன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"மூடாத மச்சான். தின்னுக்கிட்டே சொல்லு," என்றான். இன்னொரு தடவை எச்சிலை விழுங்கினான். "மாட்டுக் கொட்டாய்க்கு வந்தாங்க. அப்புறம்?"